பாலாணம் தேடிப் போன ஐந்து நாள்

ஞாயிறு, ரயிலில்

கொழும்புக் கோட்டையில் காலை ஆறு மணிக்கே உதயதேவி ரயிலில் ஏறி உட்கார்ந்தாயிற்று. போகிற காரணம் அம்மாவின் காணி உறுதி. அரை நாள் வேலை. லீவு ஐந்து நாள் போட்டிருக்கிறேன். மிச்ச நாளெல்லாம் சாப்பிடத்தான் என்று வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

போன கிழமை ஒரு பட்டியல் எழுதி மட்டக்களப்பில் இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதனுக்கு அனுப்பினேன். ஏழு கடை. எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் போனால் என்ன கிடைக்கும் என்றுகூட எழுதியிருந்தேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "மச்சான், இதுல அஞ்சு கடை இல்ல. ஒண்டு கை மாறிட்டு. மத்தது நீ எதச் சொல்றாயெண்டே விளங்கல்ல."

அதற்காக லீவை ரத்துப் பண்ண முடியுமா? இல்லாத கடைகளுக்கே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

கடைகளின் பெயர் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் தேத்தண்ணிக் கடையின் பெயர்ப்பலகையை யாரும் வாசித்ததில்லை. வேப்பமரத்தடி, பாதையடி, கோட்டு முன்னுக்கு என்றுதான் சொல்வோம். சிநேகிதனுக்கு விளங்காத அந்த ஏழாவது கடையை எங்கள் வீட்டில் 'நெட்டையன்ட கடை' என்போம். நெட்டையனை ஊரில் மற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ.

கல்லோயாச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு பொலன்னறுவை, மன்னம்பிட்டி. மகாவலிக்கு மேலே 2007 வரை ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில்தான் போயின. ரயில் வருகிறதென்றால் வாகனமெல்லாம் கரையில் வரிசையாக நிற்கும். நிற்கிற இடத்தில் ஒருவர் அவித்த சோளத்தோடு வருவார், இன்னொருவர் கச்சானோடு வருவார். இப்போது வாகனங்களுக்குத் தனிப் பாலம். ஜன்னலோரம் இருந்தவரிடம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சோளக்காரர் யாரும் இல்லை.

மட்டக்களப்பில் இறங்கியபோது கச்சான் காற்று முகத்தில் அடித்தது. கடலை இல்லை இது, ஆடி மாதத்துக் காற்று. அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். சிநேகிதன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். வயிறு பெருத்திருக்கிறான். அவனும் என்னைப் பற்றி அதைத்தான் சொன்னான்.

திங்கள், மட்டக்களப்பு

காணி உறுதி வேலை முடியவில்லை. ஒரு கடிதம் குறைகிறதாம். அதைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

முதல் கடை கோட்டைமுனையில். அப்பா தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில் என்னை அங்கே கூட்டிப் போவார். வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை அப்பா சைவம். அன்றைக்கு அம்மா விடியவே மாமாங்கம் கோயிலுக்குப் போய்விடுவா, அதனால் காலைச் சாப்பாடு கடையில். இடியப்பமும் பாலாணமும். வெளியூர்க்காரர் சொதி என்பார்கள். எங்களுக்கு ஆணம்தான்: பாலாணம், புளியாணம்.

அந்தக் கடையின் நடைமுறையை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போய் வாங்கில் இருந்ததும், கேட்காமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். வடை, ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ் எல்லாம் குவிந்திருக்கும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். சாப்பிட்டது எத்தனை என்பதை, மிச்சம் இருப்பதைப் பார்த்தே கணக்குப் பண்ணிவிடுவார்கள். எழும்பும்போது மேசைக்காரர் அங்கிருந்தே காசு மேசைக்குச் சத்தம் வைப்பார்: "ரெண்டு வட ஒரு ரோல் ரெண்டு டீ, கண்ணாடி போட்ட ஐயா!" பில் கிடையாது. கண்ணாடி போட்ட ஐயா கதவடிக்குப் போகும்போது தொகை தயாராக இருக்கும். கை துடைக்க, சதுரமாக வெட்டிய கடதாசி கம்பியில் குத்தித் தொங்கும். ஒருநாள் நான் இழுத்த துண்டு யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பேப்பர். நூற்றுக்குப் பதினெட்டு. அதில் கை துடைக்க மனம் வராமல் காற்சட்டையில் துடைத்து அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இன்றைக்கு அந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்பு இருந்த பக்கத்துச் சுவரில் கரி இன்னும் லேசாகத் தெரிகிறது, மேலே பெயின்ட் அடித்தும். கடைப் பையன் என்ன மொடல் என்று கேட்டான். வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்ததால் ஒரு உறை வாங்கினேன். என் போனுக்குப் பொருந்தவில்லை.

"வீடு தெரியும், வா" என்றான் சிநேகிதன். கல்லடிப் பாலத்தால் போனோம். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. 2013 இல் திறந்த புதுப் பாலத்தில்தான் வாகனங்கள். சின்ன வயதில் பழைய பாலத்தில் பஸ் ஏறினால் எதிர்ப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். மீன் பாடுகிறதா என்று அப்பா கேட்பார். ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. கேட்டது என்றே சொல்லி வைத்தேன்.

கடைக்காரர் வீட்டு முற்றத்தில் ஒரு நீள வாங்கு கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு கால் புதிது, மற்றதெல்லாம் பழசு. அதன்மேல் செத்தல் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள்.

அந்த அம்மாவை நான் முன்பு கண்டதில்லை. கடைக்கு அவ வந்ததே இல்லையாம். வீட்டில் சமைத்துப் பானை பானையாக சைக்கிளில் கட்டி அனுப்பியிருக்கிறா. என் வாயில் முப்பது வருஷமாக இருக்கும் ருசி, முகமே தெரியாத ஒருவரின் கை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஐயா எழும்பி வந்தார். காது மந்தம். "ஆரு? தபால் ஐயாட மகனா? வெள்ளிக்கிழம இடியப்பக்காரர்" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் கொழும்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்த கதை ஒன்று உண்டு. 2022 இல் காஸ் இல்லாமல், பால்மா இல்லாமல் எத்தனையோ சாப்பாட்டுக் கடைகள் மூடினவே, அதில் இதுவும் போய்விட்டது என்று. நாட்டு நிலைமையைத் திட்ட அது வசதியான கதை. அதையே அந்த அம்மாவிடமும் சொல்லித் துக்கம் விசாரித்தேன்.

"காஸாவது கீஸாவது" என்றா. "நாங்க விறகில தானே சமைச்ச. பதினாறாம் ஆண்டே பூட்டியாச்சு மகன். கடைசிப் புள்ளைக்கு டீச்சர் வேல கிடைச்ச கடிதம் வந்திச்சு. வாசிச்சுப் போட்டுப் போய் அடுப்புல தண்ணிய ஊத்தின நான்."

நான் ஏதோ பேச வாயெடுத்தேன்.

"ராவைக்கு ரெண்டு மணிக்கு எழும்பணும். நானூறு இடியப்பம். மாவ வறுத்து, அரிச்சு, பிழிஞ்சு. இந்தத் தோள் இருக்கே, இது மேல போகாது இப்ப. தலை சீவ மகள்தான் வரணும்." சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினா. காதளவுக்கு வந்து நின்றுவிட்டது. "நீங்கெல்லாம் வந்து நல்ல ஆணம் நல்ல ஆணமெண்டு சொல்றீங்க. சந்தோசம். ஆனா எனக்கு அந்த நேரத்தில நித்திரை தான் மகன் வந்த."

ஐயாவுக்குத்தான் கஷ்டமாம். பூட்டிய பிறகும் ஒரு மாதம் விடிய எழும்பிக் குளித்து, சேர்ட் போட்டு, கடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வருவாராம். "எங்க போன நீங்க எண்டா, சும்மா எண்டுவார்."

கேட்காமல் வர மனமில்லை. ஆணத்தில் அப்படி என்ன போட்டீர்கள் என்றேன். பெரிய இரகசியமாக இருக்கும் என்று நினைத்தால், உடனே சொல்லிவிட்டா. இறால் தலை. சந்தையில் இறால் உடைக்கிற இடத்தில் தலையைச் சும்மா தருவார்களாம். கழுவி, ஒரு கல் உப்போடு உரலில் இடித்து, தண்ணீரில் கரைத்துத் துணியில் பிழிந்தால் செம்மஞ்சளாக ஒரு சாறு வரும். அதை இரண்டாம் பாலோடு கொதிக்க விட வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி எழும்ப முன்னம் இறக்கித் தேசிக்காய் பிழிய வேண்டும். "கொதிச்சா திரைஞ்சிரும். மறுகா நாய்க்குத்தான்."

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"அம்மா, வெள்ளிக்கிழமையிலயுமா இறால் தலை?"

அவ சிரித்தா. சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தா. பதில் கடைசிவரை வரவில்லை. அப்பா இருந்திருந்தால் இந்தச் செய்தியை எப்படித் தாங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது. இருபது வருஷ விரதம்.

செவ்வாய், காத்தான்குடியும் கல்முனையும்

வீதி நடுவே ஈச்சமரங்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினால் காத்தான்குடி. மரங்கள் எனக்குப் பிறகு வந்தவை. நான் தேடியது அதற்கு முந்திய ஒரு கொத்துக் கடையை.

கொத்து ரொட்டி மட்டக்களப்பில்தான் பிறந்தது என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள். நானும் அடித்துத்தான் சொல்வேன், சாட்சி கேட்காதவரை. ஆனால் 1990 வன்செயலுக்குப் பிறகு சில வருஷம் தமிழரான நாங்கள் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போகவில்லை, அவர்களும் எங்கள் பக்கம் வரவில்லை. நடந்தவை அப்படி. திரும்பப் போகத் தொடங்கியபோது எந்தக் கூட்டமும் போட்டு யாரும் கைகுலுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் இரவு போய்க் கொத்துப் பார்சல் வாங்கி வந்தார். அடுத்த கிழமை நாலு பேர் போனார்கள். மூன்றாம் கிழமை நானும் சிநேகிதனும் சைக்கிளில் போனோம். ரொட்டிக் கல்லில் நின்ற நானா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடா கோழியா முட்டையா?" என்றார். முட்டை என்றோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பிளேட், மேலே ஆணம் தாராளமாக.

அந்த நானா இப்போது ஓட்டோ ஓடுகிறார். சிநேகிதன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். கடையை முதலாளியின் பிள்ளைகள் பங்கு பிரித்ததில் கட்டடம் மூன்றாகிவிட்டது, ஒன்றிலும் அடுப்பு இல்லை. நானா கட்டாருக்குப் போய் ஏழு வருஷம் அங்கேயும் ரொட்டிதான் போட்டாராம். "இப்ப கொத்துச் சாப்பிடுவீங்களா நானா?" என்று கேட்டதற்கு, "மணத்தாலேயே தலை வலிக்கும் தம்பி. வீட்டில புட்டு" என்றார். பிறகு, நாங்கள் கேட்காமலே, சிக்னலில் நின்றபோது இரண்டு கையாலும் ஓட்டோவின் முன் தகட்டில் தட்டிக் காட்டினார். முதலில் வேகமாக, பிறகு ஒரு இழுவை, கடைசியில் ஒரு வெட்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தாளம். நாங்கள் சைக்கிளில் வரும்போதே இன்றைக்குக் கல்லில் யார் நிற்கிறார் என்று சொல்லிவிடுவோம். பின்னால் நின்ற வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

பக்கத்தில் ஒரு புதுக் கடையில் சாப்பிட்டோம். கொத்து நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இறைச்சி அந்தக் காலத்தைவிடக் கூட. பிளேட்டில் விரித்திருந்தது தாள். பொலித்தீன் லஞ்ச் சீட்டை 2017 இல் தடை செய்தார்கள், ஆனாலும் அதைப் பல கடைகளில் காண்கிறேன். இங்கே ஒழுங்காகத் தாள். ஆணம் ஊறி அடியில் ஒட்டிக்கொண்டது. பழைய லஞ்ச் சீட்டில் கடைசிச் சொட்டுவரை வழித்தெடுக்கலாம் என்று நினைத்த என்னைச் சூழல்காரர்கள் மன்னிக்கட்டும்.

அங்கிருந்து தெற்கே கல்முனை. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இதெல்லாம் மட்டக்களப்புத்தான். எங்கள் அப்பப்பா சாகும்வரை அம்பாறை மாவட்டம் என்று வாயால் சொன்னதில்லை. மருதமுனையில் மனைவிக்கு ஒரு கைத்தறிச் சேலை வாங்கினேன்.

கல்முனையில் தேடியது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த புரியாணிக் கடை. 2004 டிசம்பர் 26. இலங்கையில் அன்றைக்கு அதிகம் பேர் செத்தது இந்த மாவட்டத்தில்தான். கடை இல்லை, ஒழுங்கையும் இல்லை, அன்று காலையில் கடையில் நின்றவர்களும் இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் திருப்பினோம்.

புதன், மண்முனை

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. வயலும் மாடும் தயிரும் அந்தக் கரையில், கந்தோரும் சந்தையும் இந்தக் கரையில். மண்முனையில் இரண்டையும் இணைத்தது பாதை. பாதை என்றால் ரோடு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் பாதை என்று பேர். பலகைத் தளம், அதில் ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், சில நேரம் வான், எல்லாம் ஒன்றாக ஏறும்.

பாதையடியில் ஒரு ஓலைக் கொட்டில் கடை. எருமைத் தயிர், சட்டியோடு. சின்ன இறால் பொரியல். தேத்தண்ணி. பெரிய சமையல் எதுவும் இல்லை. ஆனால் பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் குறைந்தது முக்கால் மணித்தியாலம். 2007 வரை அக்கரை புலிகளின் பக்கம், இக்கரை இராணுவத்தின் பக்கம். சோதனை வேறு. அப்போது முக்கால் மணி மூன்று மணியாகும். பயந்துகொண்டு நிற்கிறவனுக்கும் பசிக்கத்தானே செய்யும்? அந்தக் கடையின் வாங்கில் இருந்து நான் சாப்பிட்ட இறால் பொரியலில் பாதிக்கு ருசியே தெரியவில்லை. இருந்தும் பட்டியலில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

2014 இல் ஜப்பான் உதவியில் பாலம் கட்டித் திறந்தார்கள். அக்கரைக்கு இப்போது இரண்டு நிமிஷம். வயிற்றுவலிக்காரியை இரவில் பாதைக்காகக் கரையில் வைத்துக்கொண்டு தவித்த சனத்துக்கு அது என்ன என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும். பாலம் திறந்து ஒரு வருஷத்துக்குள் கொட்டில் போய்விட்டது. யாரும் நிற்காத இடத்தில் யாருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது?

பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கீழே பார்த்தேன். கடை இருந்த திட்டில் இரண்டு எருமை கிடந்தன. "படம் எடு" என்றான் சிநேகிதன். எருமையையா எடுப்பது?

குருமண்வெளியில் மண்டூருக்குப் பாதை இன்னும் ஓடுகிறது, அதையாவது பார்ப்போம் என்று அங்கே போனோம். பாதையடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஆகா என்று போய் இருந்தால், பாணிமாதிரி இனிப்பு, சாயம் கொதித்துக் கறுத்துப் போயிருந்தது. வடை நேற்றையது. பக்கத்தில் இருந்த வயசாளியிடம், இங்கே பாதையால் போகிறது நல்ல அனுபவம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். "கிளினிக்குக்குப் போய்ட்டு வாறன். காலம ஆறு மணிக்கு வெளிக்கிட்ட நான்" என்றார். மணி இரண்டு.

பாதை வந்தது. தேத்தண்ணியை அரைவாசியில் விட்டுவிட்டு ஏறினோம். வயசாளியின் பையை சிநேகிதன் வாங்கிக்கொண்டான்.

வியாழன்

திரும்ப ரயில். வழி முழுக்க நித்திரை. நெட்டையனின் கடை கடைசிவரை அகப்படவில்லை. கடிதம் குறைகிறதென்ற காணி உறுதிக்காக அடுத்த மாதம் இன்னொருமுறை வர வேண்டும், அப்போது தேடலாம்.

வெள்ளி, கொழும்பு

ஒருநாள் லீவு மிச்சம். காலையிலேயே வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் இறால் வாங்கினேன். தலையை எறியப் போனவரிடம் கேட்டு வாங்கினேன், இன்னொருவர் விட்டுப் போன தலையையும் சேர்த்து. பூனைக்கா என்று கேட்டார். ஓம் என்றேன்.

உரல் இல்லை, மிக்சியில் அடித்தேன். துணியில் பிழிந்தபோது அந்தச் செம்மஞ்சள் வந்தது. இரண்டாம் பால், வெந்தயம், மஞ்சள். முதற்பாலை விட்டு, கொதி எழும்ப முன்னம் இறக்கி, தேசிக்காய் பிழிந்து, கரண்டியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். பாதிதான் வந்திருக்கிறது. மிச்சப் பாதி விறகா, உரலா, நானூறு இடியப்பமா தெரியவில்லை. ஆனால் பாதி வந்துவிட்டது.

கடையில் வாங்கிய இடியப்பத்தைப் பிரித்து வைத்து, மேலே ஊற்றிப் பிசையும்போதுதான் மனைவி குளித்துவிட்டு வந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு தெரியுமா?"

அவளுக்கு மரக்கறிக் கடையில் தனியாகச் சொதி வாங்கி வந்து கொடுத்தேன். சட்டியில் இருந்ததை நானே முடித்தேன்.